பறவையை வரைந்தவர் யார்?

வேலியோரத்துச் செவ்வரத்தையிலே தேனருந்த வரும் சிறு பறவையொன்றை நம்மிற் பலர் கண்டிருப்போம். நீண்டு வளைந்த அலகும், வெயில் பட்டால் ஊதாவும் நீலமுமாக மினுங்கும் கரிய மேனியும் அதன் ஆண் பறவைக்குரிய அடையாளங்கள். பறவை நூலார் அதனை லோட்டனின் தேன்சிட்டு என்பர். 1766 ஆம் ஆண்டிலே சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் சூட்டிய இலத்தீன் பெயரிலும் லோட்டனே வாழ்கிறார். யார் இந்த லோட்டன்?

யோவான் கிடியோன் லோட்டன் 1752 முதல் 1757 வரை இலங்கையின் கரையோரப் பகுதிகளை ஆண்ட ஒல்லாந்தத் தேசாதிபதி. கறுவாவையும் யானையையும் கப்பலேற்றிப் பொருளீட்டிய கம்பெனியின் பெரும் உத்தியோகத்தர். எனினும் அவருக்கு உயிரினங்கள்மீது மெய்யான ஈடுபாடு இருந்தது என்பதை மறுப்பது நேர்மையாகாது. பறவைகளையும் விலங்குகளையும் செடிகொடிகளையும் பற்றி அவர் குறிப்பெழுதினார், படங்களைத் திரட்டினார். ஆனால், அப்படங்களுட் சிறந்தவற்றை வரைந்த கை அவருடையதன்று.

அவற்றை வரைந்தவர் பீற்றர் கொர்ணேலிஸ் டி பெவெரே. இலங்கையிலே பிறந்த கலப்பினத்தவர். நில அளவையும் வரைபடக் கலையும் பயின்றவர். வயலையும் வாய்க்காலையும் அளந்து தாளில் வரைவதற்காகக் கம்பெனி பயிற்றிய அதே கை, தேசாதிபதியின் விருப்பப்படி பறவையின் இறகையும் காலையும் வரைந்தது. ஒருவருக்குப் பொழுதுபோக்காக இருந்தது மற்றவருக்கு உத்தியோகக் கடமையாயிற்று. பொழுதுபோக்கு என்ற சொல்லை நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். யாருடைய பொழுது, யாருடைய உழைப்பினாற் போக்கப்பட்டது என்று கேட்பது வரலாற்று மாணவனின் கடமை.

லோட்டன் ஐரோப்பா திரும்பியபோது ஓவியங்களும் உடன் சென்றன. இலண்டனிலே அவை கைக்குக் கை மாறின; பிரதிசெய்யப்பட்டன. தோமஸ் பெனன்ட் 1769 இல் வெளியிட்ட இந்திய விலங்கியல் நூலுக்கும், பீற்றர் பிறவுன் 1776 இல் வெளியிட்ட விலங்கியற் படநூலுக்கும் அத்தொகுப்பே முக்கிய ஆதாரமாயிற்று. நம் குளங்களிலே நிற்கும் மஞ்சள்மூக்கு நாரையும், கழுத்தை மட்டும் நீருக்குமேல் நீட்டி நீந்தும் பாம்புத்தாராவும், இத்தீவின் காடுகளில் மாத்திரம் வாழும் செம்முகக் குயிலினமும் விஞ்ஞானப் பெயர் பெற்றது பெனன்டின் அந்நூலினாலேயே. நூலாசிரியருக்குப் புகழ் கிடைத்தது; தேசாதிபதிக்குப் புகழ் கிடைத்தது. ஓவியரோ மறக்கப்பட்டார். 1907 இல் டொனால்ட் பெர்குசன் என்பார் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையிலே எழுதிய கட்டுரைதான் டி பெவெரேயை மீண்டும் நம் நாட்டவர் நினைவுக்குக் கொணர்ந்தது. ஒன்றரை நூற்றாண்டு கழிந்த பின்னரே ஓர் உழைப்பாளியின் பெயர் ஏட்டிலேறிற்று!

இது நம் தீவுக்கு மட்டும் உரிய கதையன்று. இருபதாண்டுகள் கழித்துக் கல்கத்தாவிலே பிரதம நீதியரசரின் மனைவி இம்பே சீமாட்டி பறவைகளையும் விலங்குகளையும் வளர்த்து, சேக் செயின் அல்-தீன், பவானி தாஸ், ராம் தாஸ் என்னும் ஓவியர் மூவரைக் கொண்டு அவற்றை வரைவித்தார். அவ்வோவியர் தம் படங்களிலே பெயர் பொறித்தமையால் நாம் அவர்களை அறிகிறோம். ஆயினும் இமயமலையின் அழகிய வண்ணக்கோழி ஒன்றின் இலத்தீன் பெயரிலே இன்றும் நிலைத்திருப்பது சீமாட்டியின் பெயரே.

காலம் மாறிற்று. 1878 முதல் 1880 வரை வெளிவந்த லெக் என்பாரின் இலங்கைப் பறவை வரலாற்றிலே எழுதியவர் ஒருவர், வரைந்தவர் மற்றொருவர். ஓவியர் கூலெமன்ஸ் இலண்டனில் இருந்தவாறே, பதனிட்ட பறவைத் தோல்களைப் பார்த்து வரைந்தார். இப்பிளவை நீக்கியவர் ஜி. எம். ஹென்றி. 1891 இல் இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றிலே ஆங்கிலக் குடும்பத்திற் பிறந்த இவர், கொழும்பு நூதனசாலையில் ஓவியராகச் சேர்ந்து, பின்னர் பூச்சியியற் பகுதியிற் பணியாற்றினார். பூச்சி அவருக்குத் தொழில். பறவை அவருக்குக் காதல். 1955 இல் வெளிவந்த அவரது இலங்கைப் பறவை வழிகாட்டியிலே எழுத்தும் படமும் அவருடையனவே. பறவை எவ்வாறு நடக்கிறது, எவ்வாறு கூவுகிறது, எங்கே கூடு கட்டுகிறது என்பனவெல்லாம் நேரிற் கண்டவரின் சொற்களாக அங்கே உள்ளன. கண்டவர், வரைந்தவர், எழுதியவர் ஒருவரே ஆனபோது பறவை ஓவியம் ஏவற்பணி என்ற நிலையைக் கடந்தது. ஆனால் அந்நூல் ஆங்கிலத்திலே இருந்தது. ஆங்கிலம் அறியாத நம் பிள்ளைகளுக்கு அதன் கதவு திறக்கவில்லை.

ஆசிரியன் என்ற முறையில் இங்கே ஓர் அனுபவத்தைக் கூறவேண்டும். எட்டாம் வகுப்பு மாணவரிடம் காகம் ஒன்றை வரையுமாறு ஒருநாட் கூறினேன். முப்பது பிள்ளைகளும் ஒரே காகத்தை வரைந்தனர்: பாடப்புத்தகக் காகம், முழுதும் கறுப்பு. யன்னலுக்கு வெளியே மதிற்சுவரில் உண்மைக் காகம் உட்கார்ந்திருந்தது. அதன் கழுத்திலே மங்கிய சாம்பல் நிறம் படர்ந்திருந்ததை நாள்தோறும் காகத்தைக் காணும் அப்பிள்ளைகளுள் ஒருவர்கூடக் கவனித்திருக்கவில்லை. குற்றம் அவர்களுடையதன்று. பார்ப்பதற்கு முன்னரே விடையை மனனஞ் செய்யப் பழக்கிய நம்முடையது.

அன்றுதொட்டு ஒவ்வொருவரிடமும் ஒரு கொப்பி இருக்கிறது. திகதி, நேரம், இடம், கண்ட பறவை, அது செய்த செயல், பென்சிலால் நாலைந்து கோடுகள்; அவ்வளவே. படம் அழகாக இருக்கவேண்டுமென்பதில்லை. கண்டதை மட்டும் வரையவேண்டும் என்பதே விதி. புலுனிகள் தனித்து இரை தேடாமற் கூட்டமாகவே திரிவதை ஒரு மாணவி எழுதி வந்தாள். செண்பகம் பறப்பதைவிட நடப்பதையே விரும்புகிறது என்று தோட்டவேலைக்குத் தகப்பனுடன் செல்லும் ஒரு சிறுவன் எழுதினான். புத்தகத்தில் இவை முன்னரே உள்ளன என்பது உண்மை. ஆனால் அவன் அதைப் புத்தகத்திலிருந்து பெறவில்லை.

டி பெவெரேக்குக் கண்ணும் கையும் இருந்தன. பொழுதும் பெயரும் பிறருடையனவாயிருந்தன. நம் பிள்ளைகளின் கொப்பிகளிலே கண்ணும் கையும் பொழுதும் பெயரும் அவர்களுடையனவாகவே இருக்கட்டும். ஒவ்வொரு படத்தின் கீழும் வரைந்தவர் தம் பெயரை எழுதவேண்டுமென்று நான் வற்புறுத்துவது அதனாலேயே.