கொலஸ்ட்ராலுக்குக் குக்குலு: வாரணாசியில் பிறந்த நம்பிக்கையும் பின்னர் வந்த சோதனைகளும்

இரத்தத்தில் கொலஸ்ட்ரால் அளவு உயர்ந்திருப்பதாகப் பரிசோதனை அறிக்கை வந்தவுடன், மருத்துவர் எழுதித் தரும் ஸ்டாடின் மாத்திரைக்குப் பதிலாக மூலிகை ஏதேனும் உண்டா என்று தேடுவோர் நம் நாட்டில் ஏராளம். தேவையும் பெரிது. சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் இணைந்து நடத்தி 2023-ஆம் ஆண்டு வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் சுமார் 24 சதவீதத்தினருக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் அதிகமாக உள்ளது. இத்தகையோருக்கு மருந்துக் கடைகளிலும் இணையத்திலும் முதலில் பரிந்துரைக்கப்படும் பெயர்களில் ஒன்று குக்குலு.

குக்குலு என்பது குஜராத்தின் கட்ச், ராஜஸ்தான் உள்ளிட்ட வறண்ட நிலங்களில் வளரும் ஒரு முட்செடியின் பட்டையைக் கீறினால் வடியும் பிசின். தமிழ்நாட்டு நாட்டு மருந்துக் கடைகளில் 'குங்கிலியம்' என்று கேட்டால் இது கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. தூபத்துக்குப் பயன்படும் சால் மரப் பிசின் உட்படப் பல பிசின்களுக்கு அந்த ஒரே பெயர் வழங்குகிறது. கொலஸ்ட்ரால் தொடர்பாக ஆராயப்பட்டது கட்ச் பகுதிச் செடியின் பிசின் மட்டுமே.

இதன் நவீன வரலாறு வாரணாசியில் தொடங்குகிறது. சுஸ்ருத சம்ஹிதையில் உடல் பருமனையும் கொழுப்பு மிகுதியையும் குறித்த பகுதியில் குக்குலுவுக்குத் தரப்பட்டிருந்த இடம், பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஆயுர்வேத மேற்படிப்பு பயின்று கொண்டிருந்த ஜி.வி. சத்யவதியின் கவனத்தை ஈர்த்தது. முயல்களுக்குக் கொழுப்பு மிகுந்த உணவைக் கொடுத்து, அவற்றில் ஒரு பிரிவுக்குக் குக்குலுவையும் அளித்து, இரத்தக் கொழுப்பு குறைவதை அவர் 1966-ஆம் ஆண்டு ஆய்வேட்டில் பதிவு செய்தார். பழைய நூலின் ஒரு கூற்றை அப்படியே ஏற்கவும் செய்யாமல், ஒதுக்கித் தள்ளவும் செய்யாமல், ஆய்வகத்தில் நிறுத்திப் பார்த்த அந்த முயற்சி இந்திய மருத்துவ ஆராய்ச்சியில் அரிதானது. பின்னாளில் அவர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைமை இயக்குநராகவும் பொறுப்பு வகித்தார்.

அடுத்த கட்டம் லக்னோவில் நடந்தது. அங்குள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் பிசினிலிருந்து நச்சுத்தன்மை கொண்ட பகுதியை நீக்கி, 'குக்குலிப்பிட்' என்ற சாற்றை உருவாக்கியது. 205 நோயாளிகளிடம் 12 வாரங்கள் நடத்தப்பட்டு 1989-இல் வெளியான சோதனையில் பெரும்பாலானோருக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் சராசரியாக ஏறத்தாழ 24 சதவீதமும் டிரைகிளிசரைடு ஏறத்தாழ 23 சதவீதமும் குறைந்ததாக அறிவிக்கப்பட்டது. 1980-களின் பிற்பகுதியிலேயே கொழுப்பைக் குறைக்கும் மருந்தாக இது இந்தியாவில் அனுமதி பெற்றுச் சந்தைக்கு வந்துவிட்டது. ஸ்டாடின் மாத்திரைகள் இந்தியரின் கைக்கு எளிதில் எட்டாத காலம் அது. உள்நாட்டு மருந்து ஒன்று கிடைத்ததில் எழுந்த பெருமிதம் இயல்பானதே.

திருப்பம் 2003-இல் வந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கொலஸ்ட்ரால் உயர்ந்திருந்த 103 பேரை மூன்று பிரிவுகளாகப் பிரித்து, இரு பிரிவினருக்கு இரண்டு வெவ்வேறு அளவுகளில் குக்குலிப்பிட்டையும் ஒரு பிரிவினருக்கு வெற்று மாத்திரையையும் எட்டு வாரங்கள் கொடுத்தனர். யாருக்கு எது என்பது ஆய்வாளருக்கும் தெரியாது, உட்கொண்டவருக்கும் தெரியாது. முடிவில், வெற்று மாத்திரை உட்கொண்டவர்களுக்குக் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 5 சதவீதம் குறைந்திருந்தது. குக்குலிப்பிட் உட்கொண்டவர்களுக்கோ 4 முதல் 5 சதவீதம் வரை உயர்ந்திருந்தது. சிலருக்குத் தோலில் ஒவ்வாமைத் தடிப்புகளும் ஏற்பட்டன. 2009-இல் வெளியான நார்வே நாட்டின் சிறிய ஆய்வில் மொத்தக் கொலஸ்ட்ரால் ஓரளவு குறைந்தது. ஆனால் நல்ல கொழுப்பும் சேர்ந்தே குறைந்தது, எல்.டி.எல்.-லில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை.

இந்தியர்களின் உணவு முறை வேறு, அதனால் முடிவும் வேறு என்று சிலர் வாதிடுகின்றனர். அது முற்றிலும் தள்ளத்தக்க வாதமன்று. எனினும் அதை மெய்ப்பிக்கப் பெரிய அளவிலான புதிய சோதனை தேவை. அது வரும்வரை, மாரடைப்பு ஆபத்து உள்ள ஒருவர் குக்குலுவை நம்பி மருந்தை நிறுத்துவதற்கு ஆதாரம் இல்லை. மேலும், இந்தப் பிசின் உடலில் சில மருந்துகளின் அளவைக் குறைத்துவிடும். இரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் தரப்படும் புரோப்ரனலால், டில்டியாசம் ஆகியவற்றில் இவ்விளைவு காணப்பட்டுள்ளது. இதய நோயாளிகளே இதை மிகுதியாக நாடுகின்றனர் என்பதால் இந்த எச்சரிக்கை முக்கியம்.

பூண்டின் கதையும் ஏறக்குறைய இதுவே. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 192 பேருக்குப் பச்சைப் பூண்டு, பூண்டுத் தூள், பதப்படுத்திய பூண்டுச் சாறு, வெற்று மாத்திரை ஆகியவற்றுள் ஒன்றை ஆறு மாதம் கொடுத்து, 2007-இல் முடிவை வெளியிட்டது. எந்தப் பிரிவிலும் எல்.டி.எல். குறையவில்லை. ரசத்துக்கும் குழம்புக்கும் பூண்டு வேண்டியதுதான். கொலஸ்ட்ராலுக்காக வெறும் வயிற்றில் விழுங்க வேண்டியதில்லை.

2022-இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் மருத்துவமனை வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. மீன் எண்ணெய், இலவங்கப்பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டெரால், செந்நிற ஈஸ்ட் அரிசி ஆகிய ஆறு துணைப்பொருள்களும், 5 மில்லிகிராம் ரோசுவாஸ்டாடின் என்ற குறைந்த அளவு மாத்திரையும் 28 நாள்கள் ஒப்பிடப்பட்டன. மாத்திரை எல்.டி.எல்.-ஐ ஏறத்தாழ 38 சதவீதம் குறைத்தது. ஆறு துணைப்பொருள்களில் ஒன்றுகூட வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேலானதாக இல்லை. ஆய்வுக்கு நிதியளித்தது ஸ்டாடின் தயாரிக்கும் நிறுவனம் என்பதும், 28 நாள் குறுகிய காலம் என்பதும் கருத்தில் கொள்ளத்தக்கவை. ஆயினும் இடைவெளி மிகப் பெரிது.

அப்பட்டியலில் உள்ள செந்நிற ஈஸ்ட் அரிசியை நம்மூர் மாப்பிள்ளைச் சம்பாவுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. இது ஒருவகைப் பூஞ்சையால் நொதிக்க வைக்கப்பட்ட சீன அரிசி. இதில் உருவாகும் மொனாகோலின் கே என்ற பொருள், லோவாஸ்டாடின் என்ற ஸ்டாடின் மருந்தேதான். அளவு அதிகமிருந்தால் கொழுப்பு குறையும், ஸ்டாடினின் பக்கவிளைவுகளும் உடன் வரும். புட்டிக்குப் புட்டி அளவு மாறுபடும் என்பதே சிக்கல். 2024-இல் ஜப்பானில் ஒரு நிறுவனத்தின் செந்நிற ஈஸ்ட் அரிசி மாத்திரைகளை உட்கொண்ட நூற்றுக்கணக்கானோர் சிறுநீரகப் பாதிப்புடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தயாரிப்பின்போது கலந்த வேறொரு பூஞ்சையின் நச்சுப்பொருளே காரணம் என்று சந்தேகிக்கப்பட்டது.

பயன் உறுதிப்பட்ட பொருள்களும் உண்டு. அவற்றில் முதன்மையானது, குஜராத்தில் பெருமளவு விளைந்து உஞ்சா சந்தை வழியாக உலகெங்கும் செல்லும் இசப்கோல் உமி. நாள்தோறும் சுமார் 10 கிராம் உட்கொண்டால் எல்.டி.எல். டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 13 மில்லிகிராம் குறைவதைப் பல சோதனைகளின் தொகுப்பாய்வு காட்டியுள்ளது. இதன் வழவழப்பான நார், குடலில் பித்தநீரைப் பிடித்து வெளியேற்றுகிறது. புதிய பித்தநீரைச் சுரக்க, கல்லீரல் இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. போதிய நீருடன், பிற மருந்துகளுக்கு இரண்டு மணி நேரம் முன்போ பின்போ உட்கொள்வது நல்லது. ஓட்ஸ், பார்லி ஆகியவற்றில் உள்ள பீட்டா குளுக்கான் நாளொன்றுக்கு 3 கிராம் கிடைத்தாலும் ஓரளவு பலன் உண்டு. வெந்தயத்துக்கும் இத்தகைய நார் உண்டு. ஆனால் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வில் கொழுப்பு குறைந்தது நாள்தோறும் 100 கிராம் வெந்தயத் தூளால்தான். இரவில் ஊறவைக்கும் ஒரு தேக்கரண்டி வெந்தயம் அதற்கு ஈடாகாது.

யாருக்கு எது போதும் என்பதை ஆபத்தின் அளவே தீர்மானிக்கிறது. இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பொதுவாக எல்.டி.எல். 100-க்குக் கீழும், மாரடைப்பு அல்லது பக்கவாதம் வந்தவர்கள் போன்ற மிக அதிக ஆபத்துள்ளோருக்கு 55-க்குக் கீழும் இருக்க வேண்டும். 110 உள்ள, வேறு நோயில்லாத இளைஞருக்கு உணவு மாற்றமும் இசப்கோலும் இலக்கை எட்ட உதவலாம். மாரடைப்பிலிருந்து மீண்ட ஒருவருக்கு 140 இருந்தால், 13 மில்லிகிராம் குறைவு எதற்கும் போதாது. எல்.டி.எல். 39 மில்லிகிராம் குறையும் ஒவ்வொரு முறையும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றின் ஆபத்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்பது ஸ்டாடின் சோதனைகளின் தொகுப்பில் நிறுவப்பட்ட கணக்கு.

ஸ்டாடினால் தசைவலி வருகிறது என்று அஞ்சி மூலிகைக்கு மாறுவோர், மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கூறினால், அளவைக் குறைக்கவோ வேறு ஸ்டாடினுக்கு மாறவோ, எசிடிமைப் போன்ற மாற்று மருந்தைத் தொடங்கவோ வழியுண்டு. துணைப்பொருள் எதையேனும் உட்கொள்பவர்கள் அதன் பெயரையும் அளவையும் மருத்துவரிடம் தெரிவித்து, ஆறு முதல் 12 வாரங்களில் இரத்தப் பரிசோதனையை மீண்டும் செய்துகொள்ளலாம்.