ஓட்டப் பயிற்றுநரைத் தேர்ந்தெடுப்பது எப்படி? நேரிலா, இயங்கலையிலா?

1966ஆம் ஆண்டு பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியின் 100 மீட்டர் ஓட்டத்தில் மலேசியாவின் எம். ஜெகதீசன் தங்கம் வென்றார். அடுத்து வந்து வெள்ளி பெற்றவர் சிங்கப்பூரின் சி. குணாளன். குணாளன் முதலில் காற்பந்து ஆட்டக்காரர். அவருடைய வேகத்தைக் கண்டுகொண்டு ஓட்டத் தடத்திற்கு அழைத்து வந்தவர் பயிற்றுநர் டான் எங் யூன். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் குணாளன் 10.38 வினாடியில் ஓடிப் படைத்த தேசிய சாதனை 2001 வரை நிலைத்தது.

நெகிரி செம்பிலான் தோட்டங்களிலும் வேகமாக ஓடும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. பள்ளி விளையாட்டுப் போட்டியில் முதலாவதாக வந்த பிள்ளையை அடுத்து யாரிடம் அனுப்புவது என்பதுதான் பெற்றோரின் கேள்வி. அரை மாரத்தான் ஓட ஆசைப்படும் பெரியவர்களுக்கும் இதே கேள்வி உண்டு. நேரில் பயிற்சி தருபவரா, கைப்பேசி வழி அட்டவணை அனுப்புபவரா?

யாருக்கு எது பொருந்தும்?

பிள்ளைகள், புதிதாகத் தொடங்குபவர்கள், குறுவிரைவு ஓட்டக்காரர்கள் ஆகியோருக்கு நேரடிப் பயிற்சியே நல்லது. புறப்படும் நிலை, கை வீச்சு, பாதம் தரையில் படும் விதம் ஆகியவற்றை அருகில் நின்று பார்த்து அப்போதே திருத்த வேண்டும். நெடுந்தூரம் ஓடிப் பழகிய பெரியவர்களுக்கு இயங்கலைப் பயிற்சி ஒத்து வரும். ஆனால் வலி, தூக்கம், களைப்பு எதையும் மறைக்காமல் பயிற்றுநரிடம் சொல்ல வேண்டும்.

சிரம்பான், பாரோயில் உள்ள துவாங்கு அப்துல் ரஹ்மான் அரங்கத்தில் முறையான ஓட்டத் தடம் உண்டு. ஆனால் பகாவ், கெமாஸ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து அங்கு போக ஒரு மணி நேரத்திற்கு மேலாகும். விடியுமுன் பெரட்டுக்குப் போகும் பெற்றோர் பிள்ளையை அடிக்கடி அழைத்துச் செல்ல முடியாது. இவர்கள் மாதம் ஒருமுறை பயிற்றுநரை நேரில் பார்த்து, மற்ற நாள்களில் பள்ளி விளையாட்டு ஆசிரியரின் கண்காணிப்பில் பயிற்சி செய்யலாம். பக்கவாட்டில் எடுத்த காணொளியைப் பயிற்றுநருக்கு வாரந்தோறும் அனுப்பலாம்.

சான்றிதழைக் கேளுங்கள்

மலேசியாவில் பயிற்றுநர்களுக்குத் தேசியப் பயிற்றுநர் சான்றிதழ்த் திட்டம் உள்ளது. எஸ்.பி.கே.கே. எனப்படும் இதில் விளையாட்டு அறிவியல், குறிப்பிட்ட விளையாட்டு என இரு பிரிவுகளும் மூன்று நிலைகளும் உண்டு. காற்பந்துக்கான சான்றிதழ் திடல்தடத்திற்குப் போதாது. முதலுதவி தெரியுமா என்பதையும் கேட்க வேண்டும். பதக்கம் வென்ற எல்லாரும் நல்ல பயிற்றுநர் ஆகிவிடுவதில்லை.

முதல் சந்திப்பில் கவனிக்க வேண்டியவை

நல்ல பயிற்றுநர் முதலில் கேள்வி கேட்பார்: வயது, ஆஸ்துமா உண்டா, பழைய காயம், தூங்கும் நேரம், பள்ளி அல்லது வேலை நேரம். எதையும் கேட்காமல் அட்டவணையை நீட்டுபவரிடம் எச்சரிக்கை தேவை. குளிர் நாட்டுக்கு எழுதப்பட்ட வேகக் கணக்கு நம் வெயிலுக்கும் புழுக்கத்திற்கும் ஒத்து வராது. புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளிப்புறப் பயிற்சியை நிறுத்துபவரா என்றும் கேட்க வேண்டும்.

பிள்ளை வாரத்தில் பயிற்சி செய்யும் மணி நேரம் அதன் வயதைத் தாண்டக்கூடாது என்பது விளையாட்டு மருத்துவர்கள் கூறும் எளிய கணக்கு. பத்து வயதுப் பிள்ளைக்குப் பத்து மணி நேரமே உச்ச வரம்பு. வாரம் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும். வளரும் வயதில் முழங்காலுக்குக் கீழும் குதிகாலிலும் வலி வருவதுண்டு. "வலியைப் பொறுத்துக்கொண்டு ஓடு" என்பவரை விட்டு விலகி, பிள்ளையைக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்ல வேண்டும். பெண் பிள்ளைகளிடம் எடையைக் குறைக்கச் சொல்லி நெருக்குவதும் ஆபத்து. போதிய உணவின்றிக் கடும் பயிற்சி செய்தால் மாதவிலக்கு நின்றுபோகலாம், எலும்பும் பலவீனமாகும்.

பாதுகாப்பும் பணமும்

பயிற்சியை எந்த நேரத்திலும் பெற்றோர் வந்து பார்க்கலாம் என்று அனுமதிப்பவரே நம்பத்தக்கவர். பிள்ளைக்கு வரும் புலனச் செய்திகள் பெற்றோரும் இருக்கும் குழுவிலேயே வர வேண்டும். தனியறைச் சந்திப்பு, தனிப்பட்ட படம் கேட்பது, 'வீட்டில் சொல்லாதே' என்ற பேச்சு ஆகியவற்றில் ஒன்று நடந்தாலும் பயிற்சியை உடனே நிறுத்த வேண்டும். 15999 என்ற தாலியான் காசே எண்ணில் புகார் செய்யலாம்.

ஓராண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டாமல் மாதாமாதம் கட்டி ரசீது வாங்குவது நல்லது. போட்டி நுழைவுக் கட்டணம், போக்குவரத்துச் செலவு ஆகியவற்றையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

மூன்று மாதம் கழித்து நேரம் எவ்வளவு குறைந்தது என்பதை மட்டும் பார்க்கக்கூடாது. காயமின்றி, படிப்பு கெடாமல், பிள்ளை தானாகவே காலணியை மாட்டிக்கொண்டு திடலுக்குக் கிளம்பினால் பெற்றோரின் தேர்வு சரியானதே.