கொடையும் கடமையும்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, றப்பர்த் தோட்டங்களில் தொழிலாளர் பெற்ற நன்மைகள் துரைமாரின் கருணையால் வந்தன என்பாருளர். வரலாற்றை நோக்குமிடத்து இக்கூற்று ஏற்புடையதன்று.

தொழிலாளி தோட்டம் மாறுவதற்குத் ‘துண்டு’ வேண்டியிருந்தது. கடனைத் தீர்த்தால் அவன் போகலாம் எனப் பழைய தோட்டம் எழுதிக் கொடுத்த சீட்டே அது. புதிய தோட்டம் செலுத்திய பணம் மறுபடியும் அவன் பெயரிலேயே கடனாக ஏறிற்று. துரைமார் இம்முறையைத் தாமாகக் கைவிட்டாரல்லர். 1921ஆம் ஆண்டுச் சட்டமே அதனை ஒழித்தது.

கூலியின் கதையும் அத்தகையதே. 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச வேதனச் சட்டத்தின்படி, 1929இல் ஆணின் நாட்கூலி மலைநாட்டில் 54, இடைநாட்டில் 52, தாழ்நாட்டில் 50 சதமென நிர்ணயிக்கப்பட்டது. பெண்ணுக்கோ முறையே 43, 41, 40 சதம். சப்பிரகமுவத் தோட்டங்கள் பல பின்னிரு வகைகளுள் அடங்கின. ஆகவே, சட்டம் வகுத்த நீதியிலும் பெண்ணின் உழைப்புக் குறைத்தே மதிக்கப்பட்டமை புலனாகும்.

1975இல் அரசுடைமையான கம்பெனித் தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் மீண்டும் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. அவற்றின் ஆண்டறிக்கைகள் இன்று சமூகப் பொறுப்பினைப் பேசுகின்றன. சட்டம் விதித்ததைச் செய்தல் கடமை. அதனைக் கொடையெனக் கூறுதல் பொருந்தாது. சட்டம் விதியாதவிடத்தும் உழைத்தோர்க்கு உரியதை வழங்குதலே வணிக அறமாகும்.