முதலில் சலாம் சொல்வது யார்?

"ஆரு வந்திருக்கிறது மகன்? மாமாக்குச் சலாஞ் சொல்லுங்க."

நமது வீடுகளில் பேச்சு வரத் தொடங்கிய பிள்ளைக்கு உம்மா சொல்லிக் கொடுக்கும் முதற் பாடங்களில் இதுவும் ஒன்று. பிள்ளை மழலையில் 'சாமலைக்கும்' என்று சொல்லும், வீடே சிரிக்கும். அங்கே ஒரு பிறமொழிப் பாடம் நடந்து முடிந்தது என்று யாரும் எண்ணுவதில்லை. தமிழ் பழகும் அதே வயதில் அறபு வாக்கியம் ஒன்றும் பிள்ளையின் வாயில் ஏறிவிடுகிறது.

இதில் ஒரு விந்தையும் உண்டு. தாய்மொழியான தமிழில் 'வணக்கம்' என்ற முகமன் இருக்கிறது. ஆனால் நம்மவர் பேச்சில் வணக்கம் என்றால் இபாதத்து. அது அல்லாஹ்வுக்கே உரியது. ஆகவே அச்சொல்லை மனிதரைப் பார்த்துச் சொல்ல நம்மில் பலரின் நாக்குக் கூசும். தாய்மொழிச் சொல் தூரமாகவும் பிறமொழிச் சொல் சொந்தமாகவும் ஆகிப்போன சமூகம் நாம். எனவே பிள்ளைக்குப் பிறமொழி முகமனைப் பழக்குவது நமக்குப் புதிய சங்கதியல்ல. அதை எப்படிப் பழக்கினோம் என்பதுதான் கேள்வி.

அக்காலத்து ஓதப்பள்ளியில் லெப்பையிடம் பிள்ளை அலிஃப், பே தொடங்கிக் குர்ஆனைக் கத்தம் செய்யும் வரை ஓதியது. எழுத்தும் உச்சரிப்பும் வந்தன. அறபு ஒரு மொழியாக வரவில்லை. பொருளைத் தந்தது அறபுத் தமிழ்தான். அறபு எழுத்தோடு, தமிழ் ஒலிகளுக்கென மாற்றியமைத்த சில எழுத்துகளையும் சேர்த்து, மார்க்கச் சட்டங்களையும் மாலைகளையும் தமிழிலேயே எழுதி வைத்தார்கள். பாடசாலை வாசலை மிதியாத நம் பெண்கள்கூட அதனால் வாசிப்பறிவு பெற்றார்கள். ஓசையோடு பொருளும் வேண்டும் என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

ஆங்கில முகமன் வந்தபோது கதை வேறாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை மிஷனரிமாரின் கையில் இருந்தன. அங்கே 'குட் மோர்னிங் சேர்' என்று எழுந்து நிற்கும் பிள்ளை அடுத்த பாடத்தில் பைபிளையும் கேட்க வேண்டியிருந்தது. 'பிள்ளைர ஈமான் போயிரும்' என்று பெற்றோர் பயந்தார்கள். அந்தப் பயத்தை வெறும் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. மதமாற்றம் அப்பாடசாலைகளின் நோக்கங்களில் ஒன்றாகவே இருந்தது. ஆனால் விலை பெரிது. உத்தியோகங்களிலும் நீதிமன்றங்களிலும் பிற சமூகத்தவர் முன்னேற, நம்மவர் பின்தங்கினார்கள்.

இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றவர் அறிஞர் எம்.சீ. சித்தி லெவ்வை. கண்டியைச் சேர்ந்த அந்தச் சட்டத்தரணி 1882ல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, மார்க்கத்தோடு ஆங்கிலமும் கற்கலாம் என்று சமூகத்தோடு வாதாடினார். எழுத்தோடு நிற்காமல் 1884ல் கொழும்பில் பாடசாலை ஒன்றையும் திறந்தார். பின்னர் 1892ல் மருதானையில் உதயமான ஸாஹிறாவின் தோற்றத்திலும் அவருக்குப் பெரும் பங்குண்டு. சலாம் சொல்லும் அதே வாய் 'குட் மோர்னிங்'கும் சொல்லலாம். ஒன்று மற்றொன்றைத் துடைத்தழிக்காது. அந்த முயற்சிகளின் சாரம் இதுதான்.

அவருக்குத் துணைநின்றவர்கள் 1883ல் எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு இங்கே வந்த ஒறாபி பாஷாவும் தோழர்களும். அவர்களில் ஒருவர் நவீன அறபுக் கவிதையின் முன்னோடியான மஹ்மூத் சாமி அல்-பாறூதி. அறபியின் உச்சத்தைத் தொட்ட அம்மனிதர் இலங்கையில் இருந்த காலத்தில் ஆங்கிலம் கற்றார். தம்மைத் தோற்கடித்து நாடுகடத்திய வல்லரசின் மொழி அது! அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கலாம். ஈமானுக்கு அது குறைவாகத் தோன்றவில்லை. பிள்ளைகளை ஆங்கிலத்துக்கு அனுப்பத் தயங்கிய சமூகத்தின் கண்முன்னே ஓர் அறபி அதைப் படித்தது சின்ன விஷயமா?

இன்று நம் பிள்ளைகள் முன்னே இருப்பது சிங்கள முகமன். 1987ல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. தமிழ்மொழிமூலப் பிள்ளை சிங்களத்தை இரண்டாம் மொழியாகப் படிக்கிறது. 'ஆயுபோவன்' என்று கொப்பியில் எழுதிப் புள்ளியும் வாங்குகிறது. ஆனால் அதன் பொருள் 'ஆயுள் பெருகட்டும்' என்பதை எத்தனை பேர் சொல்லிக் கொடுத்தோம்? அதுவும் ஒரு துஆப் போன்றதுதான் என்று விளங்கினால், பஸ்ஸில் பக்கத்தில் இருக்கும் முதியவரிடம் பிள்ளை பயமின்றிப் பேச்சுக் கொடுக்கும். விளங்காவிட்டால் அது சோதனைத் தாளோடு போய்விடும். ஒரே தெருவில் வாழ்ந்தும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்த காலங்களைக் கண்டவர்கள் நாம். அந்த ஒற்றைச் சொல்லின் பெறுமதி நமக்குத் தெரிய வேண்டும்.

எப்படிக் கற்பிப்பது என்பதற்கு வழி நம்மிடமே இருக்கிறது. அனஸ் (றலி) அவர்கள் சிறுவர்களைக் கடந்து சென்றபோது அவர்களுக்குச் சலாம் சொல்லி, நபி (ஸல்) அவர்களும் இவ்வாறே செய்வார்கள் என்று கூறியது புஹாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. பெரியவரே முந்திக்கொண்டார். சொல்லப்பட்ட முகமனுக்கு அதைவிடச் சிறந்ததையோ அதையேயோ திருப்பிச் சொல்லுமாறு ஸூறத்துன் நிஸாவின் 86ஆம் வசனம் பணிக்கிறது. நாமோ 'சலாஞ் சொல்லு' என்று பிள்ளைக்கு உத்தரவு போடுகிறோம். பிள்ளை சொன்னால் தலையை மட்டும் அசைத்துவிட்டு மற்றவரோடு கதைக்கப் போய்விடுகிறோம். பதில் கிடைக்காத முகமன் பிள்ளைக்கு வெறும் ஓசை.

அறபோ, ஆங்கிலமோ, சிங்களமோ, நாம் முதலில் சொல்வோம். பொருளையும் சொல்லுவோம். பிள்ளை திருப்பிச் சொல்லும்.