கடலை என்றால் எந்தக் கடலை?

கோவில்பட்டி கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடைக்குள் போய், "அண்ணாச்சி, கடலை கால் கிலோ" என்று கேட்டுப் பாருங்கள். பொட்டலம் வராது, கேள்விதான் வரும். "எந்தக் கடலை? நிலக்கடலையா, பொரிகடலையா, சுண்டலுக்கா?" அதே கடையில் கடலை எண்ணெய் கேட்டால் கேள்வி கிடையாது, நிலக்கடலையை ஆட்டி எடுத்ததை எடுத்துவைப்பார். கடலை மாவு கேட்டாலும் கேள்வி கிடையாது; அது கொண்டைக்கடலைப் பருப்பை அரைத்தது. ஆக, எண்ணெயில் இருப்பது ஒரு கடலை, மாவில் இருப்பது வேறொரு கடலை. இரண்டுக்கும் செடி வேறு, பிறந்த கண்டம் வேறு. பஜ்ஜிக்காரர் கடலை மாவைக் கரைத்துக் கடலை எண்ணெயில் போடும்போது இரண்டு கண்டங்களும் ஒரே சட்டியில் சேர்ந்துவிடுகின்றன.

ஓர் ஊரைப் பார்க்கப் போகிறவர்கள் பொதுவாக ஆற்றங்கரையில் தொடங்குவார்கள். மதுரைக்கு வைகை, நெல்லைக்குத் தாமிரபரணி. கோவில்பட்டியில் ஆறு இல்லை. கதிரேசன் கோவில் மலையில் ஏறி நின்றால் நாலு பக்கமும் கரிசல். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், மழைக்குப் பின் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். செண்பகவல்லி அம்மன் கோவில், மில்லோடு சேர்ந்து வளர்ந்த குடியிருப்புகள், தீப்பெட்டி ஆபீஸ்கள் (தீப்பெட்டி ஆலையை இந்தப் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள்), ஹாக்கி மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சைக்கிளில் போகும் பையன்கள் என்று சுற்றிப் பார்க்க நிறைய உண்டு. நான் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு சுற்றினேன். 'கடலை மிட்டாய்' என்பது அந்தச் சொல். இந்த ஊரின் பெயரைச் சேர்க்காமல் அதைச் சொன்னால் பாதி சொன்ன மாதிரிதான் இருக்கிறது.

முதலில் கடலை. தமிழில் இந்தச் சொல்லுக்கு மூத்த உரிமைக்காரர் கொண்டைக்கடலை. கன்னடத்தில் கடலெ, மலையாளத்தில் கடல என்று உறவுச் சொற்கள் இருப்பதால் இது தென்மொழிகளுக்குப் பொதுவான பழஞ்சொத்து. பொரிகடலை, கடலைப்பருப்பு, கடலை மாவு எல்லாம் அந்தக் குடும்பம். சென்னைக்காரர் பொட்டுக்கடலை என்பதைத்தான் இங்கே பொரிகடலை என்கிறோம். கரிசலுக்கும் இந்த மூத்த கடலைக்கும் பொருத்தம் அதிகம். மழை ஓய்ந்த பின் கரிமண் தன் வயிற்றில் பிடித்துவைத்திருக்கும் ஈரத்தையும் பனியையும் கொண்டே அது காய்த்துவிடும்.

நிலக்கடலை தென் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தது. ஸ்பானியர்களும் போர்ச்சுகீசியர்களும் கடலோடத் தொடங்கிய பிறகுதான் ஆசியாவுக்கு வந்தது. வந்த புதியதற்கு என்ன பெயர் வைப்பது? மக்கள் யாரும் புதுச்சொல் தேடி மெனக்கெடவில்லை. வீட்டில் ஏற்கெனவே இருந்த பருப்பின் பெயரை எடுத்து, முன்னால் ஓர் அடை சேர்த்தார்கள். மண்ணுக்குள் காய்க்கும் கடலை, அதனால் நிலக்கடலை அல்லது வேர்க்கடலை. தெலுங்கிலும் இதே கதைதான்: செனக என்றால் கொண்டைக்கடலை, வேருசெனக என்றால் நிலக்கடலை. கரிசலில் வீட்டுக்குள் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசும் குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கு இரண்டு மொழியிலும் ஒரே சொல்வழிதான். மராத்தியரும் இந்திக்காரரும் தங்கள் பாசிப்பயறை எடுத்துக்கொண்டார்கள். அங்கே அது 'பூயி மூங்', 'மூங்ஃபலி'. சிங்களத்தில் 'ரட்ட கஜு', அதாவது வெளிதேசத்து முந்திரி. மலையாளி மட்டும் வந்த வாகனத்தை மறக்கவில்லை. அவருக்கு அது கப்பலண்டி. யாழ்ப்பாணத்தில் 'கச்சான்' என்கிறார்கள். வீசும் ஒரு காற்றுக்கும் அங்கே அதுதான் பெயர்.

வட தமிழ்நாட்டில் பெயர் இன்னொரு பாதையில் போனது. அங்கே 'மணிலாக்கொட்டை'. பேச்சில் தேய்ந்து மல்லாக்கொட்டை, இன்னும் தேய்ந்து மல்லாட்டை. விழுப்புரம் பக்கம் சந்தையில் மல்லாட்டை மூட்டையைத் தூக்கும் ஆள், பிலிப்பைன்ஸ் நாட்டுத் தலைநகரின் பெயரைத்தான் சுமக்கிறார். 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அகாபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள் பல ஆசியாவில் இறங்கிய வாசல்களில் ஒன்று அது. இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். ஸ்பானிய மொழியில் நிலக்கடலைக்கு 'மனீ' என்று பெயர், பிலிப்பைன்ஸிலும் அப்படியே. அதைப் பார்த்துவிட்டு நம் 'மணி'தான் அங்கே போயிற்று என்று யாராவது மேடையேறிச் சொன்னால் நம்பிவிடாதீர்கள். அது கரீபியத் தீவுகளின் பழங்குடிகளிடமிருந்து ஸ்பானியர் வாங்கிய சொல். ஒலி ஒத்துப்போவதற்கெல்லாம் உறவு கொண்டாடினால் சொல்லாராய்ச்சி கல்யாண வீட்டுப் பேச்சாகிவிடும்.

வேர்க்கடலை என்ற பெயரில் ஒரு பிழையும் இருக்கிறது. அது வேரில் காய்ப்பதில்லை. மஞ்சள் பூ மண்ணுக்கு மேலேதான் பூக்கிறது. பூ வாடியதும் அதன் அடியிலிருந்து ஒரு காம்பு நீண்டு, தலைகுனிந்து, மண்ணைக் குத்திக்கொண்டு உள்ளே போகிறது. அதன் நுனிதான் காயாகிறது. சம்சாரிகள் இதை 'விழுது இறங்குவது' என்பார்கள். ஆலமரத்துக்குச் சொன்ன சொல்லை முழங்கால் உயரச் செடிக்குக் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் துல்லியமாக. விழுது இறங்கும் சமயத்தில் மண் இளகியிருக்க வேண்டும்; பிறகு செடியைப் பிடுங்கும்போதும் இளகியிருக்க வேண்டும். காய்ந்து இறுகிய கரிமண் காயை விடாமல் பிடித்துக்கொள்ளும். அதனால் செவலும் மணலும் கலந்த நிலம்தான் இதற்கு வாகு. கரிசல் கடலைக்குத் தனி ருசி என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். ருசியில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தக் கடலையைக் கரிசலிலிருந்து பறிப்பது எத்தனை இடுப்புகளின் வலி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி மிட்டாய். இந்தச் சொல் வடக்கிலிருந்து வந்தது. இந்துஸ்தானியில் 'மீட்டா' என்றால் இனிப்பு, 'மிட்டாயி' என்றால் இனிப்புப் பண்டம். அதற்கும் பின்னால் போனால் சமஸ்கிருதத்தின் 'மிருஷ்ட'. இங்கே ஒரு வேடிக்கை. கல்யாணப் பந்தியைப் புகழ்ந்து 'மிருஷ்டான்ன போஜனம்' என்கிறோமே, அந்த மிருஷ்டமும் கடைக் கண்ணாடிப் புட்டியில் இருக்கும் மிட்டாயும் ஒரே வேர். ஒருமுறை ஏட்டு வழியாக வந்து இலையில் உட்கார்ந்தது. இன்னொரு முறை கடைவீதி வழியாக வந்து சட்டைப் பையில் ஒட்டிக்கொண்டது. அதற்கு முன் நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. மதுரைக் காஞ்சியிலேயே பண்ணியம் விற்பவர்கள் வருகிறார்கள். பண்ணியம் வழக்கொழிந்தது, பணியாரம் குழிக்குள் அடங்கியது, மிட்டாய் நிலைத்தது.

வடக்கில் மிட்டாயி என்றால் லட்டு, பர்பி, பேடா எல்லாம் அடங்கும். தமிழில் அந்தப் பொருள் சுருங்கிவிட்டது. ஆரஞ்சு மிட்டாய், பஞ்சு மிட்டாய், சவ்வு மிட்டாய் என்று பிள்ளைகளின் உலகத்துக்குள் போய்விட்டது. பெரியவர்கள் தின்பதற்கு 'ஸ்வீட்' என்று மரியாதையான பெயர் வந்துவிட்டது. ஆனால் நெல்லை, கோவில்பட்டி, சாத்தூர் வட்டாரத்தில் பழைய பொருள் இன்னும் சாகவில்லை. அல்வா விற்கும் கடையை மிட்டாய்க்கடை என்று சொல்லும் வாய்கள் இங்கே உண்டு. கருப்பட்டி மிட்டாய், சீனி மிட்டாய் என்று இங்கே விற்பவை சப்புகிற மிட்டாய்களே அல்ல. அரிசி உளுந்து மாவை எண்ணெயில் சுற்றிப் பிழிந்து, பாகில் முக்கி எடுக்கும் பலகாரம். வெளியூர்க்காரர் பார்த்தால் ஜிலேபி என்பார். 'கடலை மிட்டாய்' என்ற பெயரை இந்த ஊர்க் காதோடு கேட்டால், அது குழந்தைப் பண்டமாகத் தோன்றாததற்கு இதுவும் ஒரு காரணம்.

மற்ற ஊர்களிலும் இதே பண்டம் உண்டு. உருட்டினால் கடலை உருண்டை. வில்லையாக வெட்டினால் சிலர் கடலை பர்பி என்பார்கள். பர்பி என்ற சொல்லுக்குள் பனி என்று பொருள்படும் பாரசீகத்து 'பர்ஃப்' இருக்கிறது. நிலக்கடலைக்கும் பனிக்கும் என்ன சம்பந்தமோ. மும்பைக்கும் புனேவுக்கும் இடையே லோனாவாலாவில் ரயில் பயணிகள் வாங்குவது சிக்கி. கோவில்பட்டியும் ரயில் ஊர்தான். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876இல் தடம் திறந்தபோது இந்தக் கரிசல் ஊருக்கு வண்டிச்சத்தம் வந்தது. பஞ்சு போயிற்று, மிளகாய் வத்தல் போயிற்று, பின்னால் தீப்பெட்டி போயிற்று. பயணிகள் பைகளில் கடலை மிட்டாயும் போயிற்று.

கிராமங்களில் முன்பு கருப்பட்டிப் பாகில்தான் கடலையைப் போட்டார்கள். பனை நின்ற ஊரில் வேறு எதைப் போடுவது? கோவில்பட்டி கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்த பொன்னம்பல நாடார், போன நூற்றாண்டின் முற்பாதியில், கருப்பட்டியை விட்டுக் கரும்பு வெல்லத்துக்கு மாறினார் என்பது ஊர் அறிந்த வரலாறு. இன்று நாம் தின்கிற மிட்டாய் அந்த மாற்றத்தின் பிள்ளை. கருப்பட்டி என்ற சொல்லையும் சற்றுப் பிரித்துப் பார்க்கலாம். கருப்புக்கட்டி என்பது அதன் முழு வடிவம். கரிய நிறக் கட்டி என்று பொருள் சொல்லலாம். ஆனால் கரும்பு என்ற சொல்லும் புணரும்போது 'கருப்பு' ஆகும். கருப்பஞ்சாறு, கருப்பங்கழி என்பதைப் போல. அப்படியானால் கருப்புக்கட்டி என்பது கரும்பின் கட்டியாகத் தொடங்கி, பின்னால் பனைக்குப் போன பெயராகவும் இருக்கலாம். இந்த ஊகம் எனக்குப் பிடித்திருக்கிறது. அது சரியென்றால், கருப்பட்டியைக் கைவிட்டுக் கரும்புக்குப் போன கோவில்பட்டி, சொல்லளவில் வீடு திரும்பியிருக்கிறது. பனங்கருப்பட்டிக்கும் மோசமில்லை. இதே மாவட்டத்து உடன்குடி கருப்பட்டி 2023இல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது.

கோவில்பட்டி அதற்கு மூன்று வருடம் முந்திக்கொண்டது. கடலை மிட்டாய் தயாரிப்பாளர்கள் சங்கமாகச் சேர்ந்து 2014இல் விண்ணப்பித்தார்கள். 2020 ஏப்ரல் 30 அன்று குறியீடு கிடைத்தது. ஊரடங்கில் கடைகள் பூட்டிக் கிடந்த நேரம் அது. கோவில்பட்டி என்ற பெயரை இந்த மிட்டாய்க்கு மேல் யார் போடலாம் என்பது இப்போது சட்டத்தின் விஷயம்.

அந்தச் சட்டப் பெயருக்குள் இருப்பதை எண்ணிப் பார்த்தேன். கடலை, தென் அமெரிக்கப் பயிர். அதன் பெயர், கொண்டைக்கடலையிடம் கடன் வாங்கியது. மிட்டாய், வடக்கத்திச் சொல். வெல்லம், தேனிப் பக்கத்திலிருந்து வருவது. தண்ணீர்? பாகு காய்ச்சக் கோவில்பட்டிக்காரர்கள் பெருமையாகச் சொல்வது தாமிரபரணித் தண்ணீரை. ஆறில்லாத ஊருக்குச் சீவலப்பேரியிலிருந்து குழாயில் வருகிற ஆறு அது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேர வேண்டிய தண்ணீரில் கொஞ்சம் வழிமாறி, கரிசலுக்கு வந்து, வெல்லப் பாகாகிக் கொதிக்கிறது. எல்லாம் வெளியூர் என்றால் கோவில்பட்டிக்கு உரியது எது? பாகின் பதம் என்று நினைக்கிறேன். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, எடுத்துத் தட்டிப் பார்க்கிறார்கள். கல்லைப் போலச் சத்தம் கேட்க வேண்டும். முந்தினால் பல்லில் ஒட்டும், பிந்தினால் கசக்கும். தோல் நீக்கி இரண்டாக உடைத்த பருப்பைக் கொட்டிக் கிளறி, பலகையில் பரப்பி, உருளையால் சமப்படுத்தி, சூடு ஆறும் முன் கோடு கிழித்துவிட வேண்டும். ஆறிவிட்டால் கத்தி பேசாது.

கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொற்களுக்கு அகராதியே போட்டார். பக்கத்து இடைசெவல்தான் அவர் ஊர், கு. அழகிரிசாமிக்கும் அதே ஊர். அவர் சேர்த்த சொற்கள் பெரும்பாலும் கம்மாயிலும் களத்திலும் திண்ணையிலும் பிறந்தவை. பாகு காய்ச்சுகிற அடுப்பைச் சுற்றி வழங்கும் சொற்களை யாராவது உட்கார்ந்து இப்போதே எழுதிக்கொண்டால் நல்லது. இயந்திரம் வந்த பிறகு எந்தப் பட்டறையிலும் முதலில் காணாமல் போவது பதத்தின் பெயர்கள்தான்.

கிளம்பும் முன் ஒரு கடையில் நின்றேன். தட்டில் அடுக்கிய மிட்டாயின் மேல் இளஞ்சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாய் ஏதோ தூவியிருந்தது.

"இது என்ன அண்ணாச்சி, மேல?"

"தேங்காப்பூ. சாயம் போட்டது."

தேங்காயைத் துருவினால் தெற்கில் அது பூ. கீழே, பூ வாடிய பின் மண்ணுக்குள் போய்க் காய்த்த ஒரு பருப்பு. நூறு கிராம் நிறுத்துத் தாளில் மடித்துக் கொடுத்தார். பஸ் எட்டயபுரம் விலக்கைத் தாண்டுவதற்குள் தாளில் அந்தப் பூ மட்டும்தான் மிச்சம் இருந்தது.