குதிரைச் சேணம்: மாறும் முதுகுக்கு ஏற்ற தேர்வு

குதிரையின் முதுகில் ஆள் அமர்வதற்காகக் கட்டப்படும் இருக்கை சேணம். பார்வைக்கு அது சவாரி செய்பவருக்கான பொருளாகத் தெரிந்தாலும் அதன் முக்கால்வாசி வேலை குதிரைக்காகத்தான். ஆளின் எடை முதுகெலும்பின் மேல் இறங்காதபடி தடுத்து, எலும்பின் இருபுறமும் நீளவாட்டில் ஓடும் தடித்த தசைகளின் மேல் அதைப் பரப்பிவிட வேண்டும். பொருந்தாத சேணம் எடையை இரண்டு மூன்று இடங்களில் குவித்துவிடும். அங்கே இரத்த ஓட்டம் தடைபடும், தசை வலிக்கும், நாளடைவில் மெலியும். சில குதிரைகளின் தோள்மேட்டுக்கு, அதாவது கழுத்தும் முதுகும் சேரும் இடத்து மேட்டுக்கு, இருபுறமும் வெள்ளை முடித் திட்டுகள் இருக்கும். அவை பிறவிப் புள்ளிகள் போலத் தோன்றினாலும் பெரும்பாலும் பழைய சேணம் அழுத்திய வடுக்கள்தாம். நிறம் தரும் செல்கள் அழுத்தத்தால் அழிந்த இடத்தில் முடி வெள்ளையாகவே முளைக்கிறது.

ஆங்கிலப் பாணிச் சேணத்தின் உயிர்நாடி அதன் உள்ளே மறைந்திருக்கும் சட்டகம். மரம், எஃகு, செயற்கை இழை ஆகியவற்றால் அது செய்யப்படுகிறது. சட்டகத்தின் முன்பகுதியில், தோள்மேட்டைத் தாண்டி இருபுறமும் கால் விரித்து நிற்கும் உலோக வளைவு ஒன்று உண்டு. சேணம் குறுகலா அகலமா என்பதை முடிவு செய்வது அந்த வளைவே. சட்டகத்தின் அடியில் கம்பளியோ நுரைப்பஞ்சோ காற்றுப்பையோ அடைத்த இரண்டு மெத்தைகள். அவற்றுக்கு நடுவே முதுகெலும்புக்கு இடம்விட்டு முன்னிருந்து பின்வரை ஓடும் வாய்க்கால். மேலே இருக்கை, பக்கத்தில் மடல்கள், அங்கவடியைத் தொங்கவிடும் கொக்கி, வயிற்றுப்பட்டையைப் பூட்டும் வார்கள். கடையில் வாங்குபவரின் கண்ணில் படுவது தோலின் பளபளப்பும் தையலின் நேர்த்தியும். குதிரை உணர்வதோ கண்ணுக்குத் தெரியாத சட்டகத்தையும் மெத்தையையும்.

புதுச் சேணம் தேர்வதில் உள்ள பெரிய சிக்கல், குதிரையின் முதுகு ஒரே வடிவத்தில் நிற்பதில்லை என்பது. மூன்று வயதுக் குட்டியின் முதுகு ஐந்தாறு வயதில் வேறாகிவிடும். அதுவரை அதன் எலும்புகளே முழுமையாக முற்றுவதில்லை. பசும்புல் மேய்ந்து கொழுத்த குதிரையும் வறண்ட மாதங்களில் மெலிந்த அதே குதிரையும் ஒரே அகலச் சேணத்தை ஏற்காது. முறையான பயிற்சியில் முதுகுத் தசை திரளும். நொண்டி ஓய்வில் நின்றால் சில வாரங்களிலேயே வற்றும். வயதான குதிரையின் முதுகு தொய்ந்து தோள்மேடு துருத்திக்கொள்ளும். லீனே கிரேவ், சூ டைசன் என்னும் கால்நடை மருத்துவர்கள் விளையாட்டுக் குதிரைகளின் முதுகை ஓராண்டுக் காலம் தொடர்ந்து அளந்து வெளியிட்ட ஆய்வும், அளவுகள் ஆண்டுக்குள்ளேயே மாறுவதைக் காட்டியது. அப்படியானால் இன்று அச்சாகப் பொருந்தும் சேணம் அடுத்த பருவத்தில் கடிக்கக்கூடும். மாற்றியமைக்கக்கூடிய சேணத்தின் தேவை இங்கிருந்துதான் பிறக்கிறது.

இந்தத் தேவையை முதலில் பெரிய அளவில் எதிர்கொண்டவை குதிரைப்படைகள். ஒரு படைப்பிரிவில் நூற்றுக்கணக்கான முதுகுகள். போர்க்களத்தில் தீவனம் குறைந்து அத்தனையும் சேர்ந்து மெலியும். கிரிமியப் போரின்போது ஐரோப்பியப் படைகளைப் பார்வையிட்டுத் திரும்பிய ஜார்ஜ் மெக்லெலன் வடிவமைத்த சேணத்தை அமெரிக்க இராணுவம் 1859இல் ஏற்றது. இருக்கையின் நடுவே முதுகெலும்பின் நீளத்துக்குத் திறந்த பிளவு ஒன்றை விட்டிருந்தார்கள். எலும்பு தப்பியது, காற்றும் புகுந்தது. கடினமான அந்த இருக்கை வீரருக்கு அப்படியொன்றும் சொகுசாக இல்லை. குதிரை மெலிந்தாலோ பருத்தாலோ அடியில் விரிக்கும் கம்பளியின் மடிப்பைக் கூட்டியும் குறைத்தும் சமாளித்தார்கள்.

பிரிட்டிஷ் இராணுவம் இன்னும் ஒரு படி மேலே போனது. அதன் 1912ஆம் ஆண்டு வகைச் சேணத்தில் எஃகு வளைவுகளுக்கும் முதுகில் படியும் பக்கப் பலகைகளுக்கும் இடையே அசைந்துகொடுக்கும் இணைப்பு இருந்தது; முதுகின் சரிவுக்கு ஏற்பப் பலகைகள் சற்றே திரும்பிப் படிந்தன. முதல் உலகப் போரில் பெருமளவில் பயன்பட்ட அந்தச் சேணத்தை, இன்றைய மாற்றியமைக்கும் சேணங்களின் முன்னோடிகளில் ஒன்று என்று சொல்லலாம்.

இன்று கிடைக்கும் முறைகளில் பரவலானது முன்வளைவையே கழற்றி மாட்டுவது. ஆஸ்திரேலியாவில் 1934இல் தொடங்கிய பேட்ஸ் நிறுவனமும் அதன் செயற்கைப் பொருள் வகையான வின்டெக்கும் இதை உலகெங்கும் பழக்கப்படுத்தின. மஞ்சள் குறுகல், கறுப்பு நடுத்தரம், சிவப்பு அகலம் என வளைவுகளுக்கு நிறக்குறி உண்டு. இடைப்பட்ட அளவுகளுக்குப் பச்சையும் நீலமும். அடிமெத்தையின் முன்பகுதியைத் திறந்து திருகாணிகளைக் கழற்றி வேறு வளைவைப் பொருத்திவிட்டால் வேலை முடிந்தது. இங்கிலாந்தின் தோரோகுட், வாவ் போன்ற தயாரிப்புகளிலும் தத்தம் வழியில் இதே வசதி இருக்கிறது. வேறு சில நிறுவனங்கள் சட்டகத்தை இயந்திரத்தில் வைத்து விரித்தோ குறுக்கியோ தருகின்றன. அதற்குச் சேணத்தைப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும்; அடிக்கடி செய்யக்கூடியதும் அல்ல.

ஆனால் விளம்பரங்கள் சொல்லாமல் விடும் ஒன்றை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். முன்வளைவை மாற்றினால் அகலம் மட்டுமே மாறும். சட்டகத்தின் நீளவாட்டு வளைவு மாறாது. தொய்ந்த முதுகுக்காகச் செய்த வளைந்த சட்டகத்தைத் தட்டையான முதுகில் வைத்தால், எந்த நிற வளைவைப் போட்டாலும் அது ஆடும் நாற்காலி போல முன்னும் பின்னும் ஆடும். தட்டையான சட்டகத்தைத் தொய்ந்த முதுகில் வைத்தால் முன்னும் பின்னும் மட்டும் தொட்டு நடுவில் பாலம் கட்டி நிற்கும். எடை முழுவதும் நான்கு மூலைகளில் இறங்கும். முன்வளைவின் வடிவமும் கவனிக்கத்தக்கது. உயர்ந்த தோள்மேடும் ஒல்லியான உடலும் கொண்ட தரோபிரெட் பந்தயக் குதிரைக்குக் கூம்பு வடிவ வளைவு பொருந்தும். அகன்ற, தோள்மேடு அமிழ்ந்த மட்டக்குதிரைக்கு அகல வளைவை வாங்கினாலும் கூம்பாக இருந்தால் பக்கங்களில் கிள்ளும். அதற்குப் பரந்த வளையமான வடிவம் வேண்டும். ஆகவே சட்டகத்தின் அடிப்படை வடிவம் முதலில் பொருந்த வேண்டும். மாற்றியமைக்கும் வசதி அதற்குப் பிறகு வரும் மாறுதல்களைத் தாங்கத்தான்.

அளவுக் குறிகளிலும் ஏமாற இடமுண்டு. ஒரு நிறுவனத்தின் நடுத்தரம் இன்னொன்றின் குறுகலாக இருக்கும். பொது அளவுகோல் எதுவும் இல்லை. இதைத் தவிர்க்க, வளைத்த வடிவத்திலேயே நிற்கும் நெகிழ் அளவுகோலைக் குதிரையின் முதுகில் மூன்று இடங்களில் பதித்து, அதைக் காகிதத்தில் வரைந்துகொண்டு போவது நல்லது. தோள்பட்டை எலும்புக்குச் சற்றுப் பின்னால் ஒன்று, இருக்கையின் நடுப்பகுதி வரும் இடத்தில் ஒன்று, கடைசி விலா எலும்பின் நேரே ஒன்று. முதுகின் நீளத்தை ஒரு கோடாக வரைந்தால் சட்டகத்தின் வளைவையும் ஒப்பிடலாம். தேதி எழுதி வைத்த இந்தக் காகிதங்கள் அடுத்த ஆண்டும் உதவும்.

சேணத்தை நேரில் சோதிக்கும்போது குதிரை சமதளத்தில் நான்கு கால்களிலும் சமமாக நிற்க வேண்டும். அடிவிரிப்பு எதுவும் வேண்டாம். சேணத்தைக் கழுத்துப் பக்கம் சற்று முன்னால் வைத்து, முடி படியும் திசையில் பின்னோக்கி நகர்த்தினால் இயல்பான பள்ளத்தில் அது தானே நின்றுவிடும். தோள்பட்டை எலும்பு இந்தப் பள்ளத்துக்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். முன்னங்கால் நீளும்போது அந்த எலும்பின் மேல்முனை பின்னோக்கிச் சுழல்வதால், சட்டகம் அதன்மேல் ஏறி நின்றால் ஒவ்வொரு எட்டிலும் இடிக்கும். சேணத்தை மிக முன்னால் வைப்பது லாயங்களில் அடிக்கடி காணப்படும் பிழை.

பின்னெல்லை கடைசி விலா. குதிரைகளுக்குப் பொதுவாகப் பதினெட்டு இணை விலாக்கள்; அரபுக் குதிரைகள் சிலவற்றுக்குப் பதினேழுதான். கடைசி விலாவுக்குப் பின்னால் உள்ள இடுப்பு முதுகெலும்புகளுக்குக் கீழே தாங்கல் இல்லை. குட்டை முதுகுக் குதிரையும் பெரிய உடல்வாகு கொண்ட ஆளும் சேரும்போது இந்த எல்லைதான் தகராறாகும். அப்போது அடிமெத்தையின் பின்முனை மேல்நோக்கி வளைந்த, தாங்கும் பரப்பு குறுகிய நீளத்துக்குள் முடிகிற வகையைத் தேட வேண்டும்.

அடுத்து தோள்மேட்டுக்கும் சேணத்தின் முன்முகட்டுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழையும் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேலே மட்டும் அல்ல, பக்கங்களிலும். நடு வாய்க்கால் முன்னும் பின்னும் மூன்று நான்கு விரல் அகலத்தில் சீராக ஓட வேண்டும். உள்ளங்கையை அடிமெத்தைக்குக் கீழே முன்னிருந்து பின்வரை செலுத்தினால் அழுத்தம் ஒரே மாதிரி தெரிய வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் இருக்கையின் மிகத் தாழ்ந்த இடம் நடுவில் இருக்க வேண்டும். அது பின்னால் சரிந்திருந்தால் சேணம் குறுகல்; முன்முகடு தோள்மேட்டில் அமுங்கினால் அகலம். நின்ற நிலையில் பொருந்தியது ஆள் ஏறியதும் இறங்கிப் படியும் என்பதால் அங்கவடியில் கால் வைத்து அமர்ந்து இவை அனைத்தையும் மறுபடி பார்த்து, பிறகு நடை, துள்ளு நடை, பாய்ச்சல் என்று ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுப்பது சரியல்ல. நல்ல விற்பனையாளர்கள் சில நாட்கள் வைத்துப் பார்க்க அனுமதிப்பார்கள். இங்கிலாந்தில் 1966இல் உருவான தலைமைச் சேணக் கைவினைஞர் சங்கம் பொருத்துநர்களுக்குத் தனித் தகுதிப் பயிற்சியே நடத்துகிறது.

குதிரையின் பதிலும் இந்தச் சோதனையில் ஒரு பங்கு. வயிற்றுப்பட்டையை இறுக்கும்போது கடிக்கத் திரும்புவது, காதைப் பின்னே மடிப்பது, முதுகைக் குழித்து நடப்பது, தாண்ட மறுப்பது எல்லாம் வலியின் மொழியாக இருக்கலாம். டைசன் குழுவினர் சவாரியின்போது குதிரை காட்டும் இருபத்து நான்கு நடத்தைகளைத் தொகுத்தார்கள். அவற்றில் எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் தசை, எலும்பு வலி இருக்க வாய்ப்பு அதிகம். இதில் எச்சரிக்கையும் வேண்டும். சேணம் எப்போதும் ஒரே பக்கம் நழுவினால் எல்லோரும் சேணத்தைக் குற்றம் சொல்வார்கள். பின்னங்காலில் கண்ணுக்குத் தெரியாத நொண்டல் அதற்குக் காரணமாவதையும், மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டு அந்த வலியை நீக்கியதும் சேணம் நேராக நின்றதையும் கிரேவும் டைசனும் காட்டியிருக்கிறார்கள். புதுச் சேணத்துக்கு முன் கால்நடை மருத்துவரை அழைப்பது பல நேரங்களில் மலிவான வழி.

அடிமெத்தையில் எதை அடைப்பது என்பதில் கம்பளிக்கு இன்றும் தனி மதிப்பு உண்டு. தேர்ந்த கைவினைஞர் அதைச் சிறிது சிறிதாகக் கூட்டியும் எடுத்தும் முதுகின் இடவல வேறுபாட்டைச் சரிசெய்ய முடியும். புதுக் கம்பளி சில மாதங்களில் அமுங்கும் என்பதால் முதல் சரிபார்ப்பைத் தள்ளிப்போடக் கூடாது. நுரைப்பஞ்சு சீராக இருக்கும், ஆனால் திருத்த இடம் தராது. கைவினைஞர் அருகில் இல்லாத ஊர்களில், திருகாணியால் மாற்றும் வளைவும் அடிமெத்தையில் செருகும் சிறு தகடுகளும் கொண்ட சேணமே நடைமுறைக்கு உகந்தது. தடித்த விரிப்புகளை மருந்தாக நம்பக் கூடாது. அகலமான சேணத்தைத் தற்காலிகமாக நிரப்ப அவை உதவும். குறுகிய சேணத்துக்கு அடியில் போட்டால் இறுக்கம் இன்னும் கூடும்.

சட்டகமே இல்லாத மென்சேணங்கள் எல்லா முதுகுக்கும் பொருந்தும் என்று விற்கப்படுகின்றன. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஒப்பீட்டில், சட்டகமுள்ள சேணம் எடையை அதிகப் பரப்பில் பகிர்ந்ததும், சட்டகமற்றதில் ஆளின் இருக்கைக்கு நேர்கீழே அழுத்தம் குவிந்ததும் தெரியவந்தது. எடை குறைந்தவர்கள் சிறிது நேரம் ஓட்டுவதற்கு அவை போதும்; மணிக்கணக்கான பயணத்துக்குத் தயக்கம் நியாயமே. மொத்தச் சுமையும் இங்கே கணக்கில் வரும். ஒஹாயோவில் எட்டுக் குதிரைகளை வைத்து நடத்தி 2008இல் வெளியான ஆய்வில், உடல் எடையில் 25, 30 சதவீதச் சுமை ஏற்றியபோது தசை வலி கூடியது. 15, 20 சதவீதத்தில் அப்படி இல்லை. மேற்கத்திய மாட்டிடையர் சேணம் ஒன்றே பதினைந்து கிலோவைத் தொடும். ஆங்கிலப் பாணிச் சேணம் பெரும்பாலும் அதில் பாதி.

இந்தியாவில் வாங்குபவர்களுக்குக் கான்பூர் பெரிய வசதி. இராணுவத் தேவைக்காக வளர்ந்த அந்த நகரத்துச் சேணத் தொழில் இன்று உலகச் சந்தைக்கு ஏற்றுமதி செய்கிறது. கான்பூர்ச் சேணப் பொருட்களுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. விலை குறைவு என்பதால் ஒரே அளவை எல்லாக் குதிரைக்கும் வாங்கிக் குவிக்கும் சவாரிப் பள்ளிகள் உண்டு. ஒல்லியான மார்வாரி இனக் குதிரைக்கும் அகன்ற மட்டக்குதிரைக்கும் ஒரே சேணத்தை மாற்றிமாற்றிப் போடுவதைவிட, மாற்று வளைவுகள் கொண்ட இரண்டு மூன்றை வாங்கி ஒவ்வொரு குதிரையின் பெயருக்கும் நேரே அதற்குரிய வளைவைக் குறித்து வைப்பது குதிரைகளுக்கும் நல்லது, கணக்குக்கும் கட்டுப்படும். சென்னைப் புழுக்கத்திலும் ஊட்டி ஈரத்திலும் தோல் எளிதில் பூஞ்சை பிடிக்கும். வியர்வையை ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காற்றாட உலர்த்தி, தோல் சோப்புப் போட நேரமில்லாத இடங்களில் கழுவக்கூடிய செயற்கைப் பொருள் சேணம் குறைவான தேர்வு அல்ல. எந்தப் பொருளானாலும் வளரும் குதிரைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், வளர்ந்ததற்கு ஆண்டில் இருமுறையேனும் பழைய காகித வரைவுகளோடு ஒப்பிட்டு வளைவையும் அடைப்பையும் சரிபார்க்க வேண்டும். நோயிலிருந்து மீண்ட குதிரையானால் சேணம் ஏற்றும் முதல் நாளே அது நடக்க வேண்டும்.