நிறுவனமும் நோக்கமும்: கட்டற்ற மென்பொருள் சமூகங்களின் நெடுங்காலத் திட்டம்

மும்பை மாட்டுங்காவில் 1932இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கம், குடிபெயர்ந்து வந்தோரின் பிள்ளைகளுக்காகச் சமூகமே எழுப்பிய நிறுவனம். கட்டடங்களும் ஆட்சிக்குழுவும் அதனைத் தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தாங்கி வந்துள்ளன. கட்டடமோ ஊதியமோ இன்றித் தன்னார்வலர் உழைப்பால் இயங்கும் கட்டற்ற மென்பொருள் சமூகங்கள் தம் எதிர்காலத்தை எதன்மீது அமைக்கின்றன?

டெபியன் திட்டத்தின் வரலாறு ஒரு விடையைத் தருகிறது. 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய அத்திட்டத்தின் தலைமையிலிருந்து அவர் 1996இல் விலகினார். மறு ஆண்டே அச்சமூகம் தன் 'சமூக ஒப்பந்தத்தை' ஏற்றது. எதைச் செய்வோம் என்னும் பட்டியலாக மட்டும் அது அமையவில்லை. மென்பொருள் என்றும் கட்டற்றதாக இருக்கும், பயனரும் கட்டற்ற மென்பொருளுமே முதன்மை என எவற்றை விட்டுக்கொடுக்கலாகாது என்பதை வரையறுத்தது. நிறுவனரின் இடத்தை எழுதப்பட்ட நோக்கம் நிரப்பியது.

மும்பையின் விடை வேறு. 2000ஆம் ஆண்டையொட்டி வெங்கடேஷ் ஹரிஹரன், பிரகாஷ் அத்வானி ஆகியோர் தொடங்கிய 'இண்ட்லினக்ஸ்', லினக்ஸ் இயங்குதளத்தை இந்திய மொழிகளில் வழங்க முனைந்தது. இத்தகைய முயற்சிகளின் மொழிபெயர்ப்புகள் நோம் முதலிய மூலத் திட்டங்களிலேயே சேர்க்கப்படும்போது, அவற்றைத் தொடங்கிய குழு கலைந்தாலும் பணி அழிவதில்லை. ஆயினும் நோம் ஆறு மாதத்திற்கு ஒருமுறை புதுப்பதிப்பு காண்கிறது. புதிய தொடர்களை மொழிபெயர்க்க ஆளில்லையெனில் ஆங்கிலம் மீண்டும் திரையில் தலைகாட்டும். உரிமம் பணியைக் காக்கும். அதனைத் தொடரும் ஆளைத் தாராது.

மென்பொருளுக்கு அணித்தான தமிழ் எடுத்துக்காட்டு மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் முதலியோர் தொடங்கிய அத்திட்டம், பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் கட்டணமின்றி வழங்குவதையே நோக்கமாகக் கொண்டது. பழைய எழுத்துருக்களிலிருந்து திஸ்கி குறியாக்கத்திற்கும், பின்னர் ஒருங்குறிக்கும் அது மாறியது. நோக்கம் நூலாக இருந்ததால் கருவியைக் கைவிடுவது இழப்பாகவில்லை.

இம்மூன்றையும் ஒருங்கே நோக்கின், நெடுங்காலத் திட்டம் என்பது மூன்று வினாக்களுக்கு முன்கூட்டியே விடை வகுப்பதாகும். தொடங்கியவர் விலகினால் எது வழிநடத்தும்? குழு கலைந்தால் பணி எங்குச் சேரும்? கருவி வழக்கொழிந்தால் எது எஞ்சும்? தமிழ்க் கணிமை முயற்சிகளை ஆராய்வோர், தொடக்கவிழாக்களைக் காட்டிலும் இவ்விடைகளை ஆவணப்படுத்துவது இன்றியமையாதது. கட்டடமுடைய சங்கத்திற்கு ஆண்டறிக்கைகளேனும் எஞ்சும்; கலைந்த தன்னார்வக் குழுவின் முடிவுகளுக்குச் சான்று எஞ்சும் என்னும் உறுதி இல்லை.